நிப்பிள் வாங்கியாச்சு, நிறுத்துவது எப்படி?

போன மாதம் பால் புட்டி பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேறொரு நிப்பிளைப் பற்றியவை. பால் வராத, சும்மா சப்புவதற்கென்றே விற்கும் நிப்பிள். மருந்துக் கடையில் பேசிஃபையர் என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், மாமியார் பற்றிய பத்திகளை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: பையனுக்கு இரண்டே கால் வயது. 'ஐந்தே நாளில் நிப்பிள் பழக்கம் நிற்கும், பலன் உறுதி' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் ஒரு செட் வாங்கினேன். 1,499 ரூபாய். உள்ளே ஐந்து நிப்பிள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குட்டை, நாளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய நிப்பிளைக் கேட்டு வீட்டையே இரண்டாக்கிவிட்டான். பணத்தைத் திருப்பிக் கேட்டால், 'சுகாதாரக் காரணங்களால் திரும்பப் பெற இயலாது' என்று பதில் வருகிறது. (திருப்பூர்)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. தூக்கமில்லாத வீட்டில் 'பலன் உறுதி' என்று யார் சொன்னாலும் பணம் கைமாறிவிடும். அது தெரிந்துதான் விற்கிறார்கள்.

இந்தச் 'சுகாதாரக் காரணம்' என்ற இரண்டு சொல்லைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆன்லைனில் இரண்டு ரப்பர் நிப்பிள் வரவழைத்தேன். பிரிக்காத பெட்டிக்குள்ளேயே ஒன்று பழுப்பேறி, பிசுபிசுத்து, பிளாஸ்டிக் மூடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டால் பலாப்பழப் பால் மாதிரி இழுத்தது. ரப்பர் நிப்பிள் வெயிலிலும் சூட்டிலும் நாள்பட இருந்தால் அப்படித்தான் ஆகும். எந்தக் கிடங்கில் எத்தனை கோடையைப் பார்த்ததோ. படம் எடுத்து அனுப்பினேன். சுகாதாரக் காரணங்களால் திரும்பப் பெற இயலாதாம். அசுத்தமான சாமானை அனுப்பியவர்கள் எனக்குச் சுகாதாரம் சொன்னார்கள்! 340 ரூபாய்தானே என்று விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

மனசு மாறிவிட்டது, நிறம் பிடிக்கவில்லை என்று வாயில் வைத்த நிப்பிளைத் திருப்பினால் கடைக்காரர் மறுக்கலாம், அது நியாயம். ஆனால் பொருள் பழுதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை அதில் இல்லை என்றாலோ, திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. கடைக்காரர் தன் தளத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் நிபந்தனை சட்டத்துக்கு மேலே போகாது. ஐந்து நாள் என்று உறுதி கொடுத்தது அவர்கள். சட்டம் கேட்கும் கேள்வியும் அதுதான்: சொன்னது நடந்ததா?

முதலில் அந்த விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே. புகார் போன மறுநாள் 'உறுதி' என்ற சொல் காணாமல் போய்விடும். அப்புறம் அவர்கள் மறுத்த செய்தி, பில், பணம் போன கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். பல கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. 1,499 ரூபாய்க்கு இவ்வளவா என்று கேட்காதீர்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் 340 ரூபாயை விட்டேன்.

கேள்வி: நிப்பிளில் வேப்பெண்ணெய் தடவினால் குழந்தை தானே விட்டுவிடும் என்கிறார்கள். செய்யலாமா? (மானாமதுரை)

பதில்: கூடாது. வேப்பெண்ணெய் சின்னக் குழந்தையின் வயிற்றுக்குள் போய் வாந்தி, வலிப்பு, மயக்கம் வரை போனதுண்டு. மிளகாய்த் தூளும் வேண்டாம். தேனும் வேண்டாம், ஒரு வயதுக்குள் அது ஆபத்து, அதற்கு மேல் பல்லுக்குக் கேடு.

கேள்வி: நுனியைக் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குட்டையாக்கும் வீடியோ பார்த்தேன். காசு செலவில்லாத வழியாக இருக்கிறதே? (சேலம்)

பதில்: வெட்டிய சிலிகோன் நிப்பிள் பல்லில் மாட்டினால் துண்டாகப் பிய்ந்து வரும், துண்டு தொண்டையில் போய் நிற்கும். வீடியோ எடுத்தவர் அப்போது உங்கள் வீட்டில் இருக்க மாட்டார்.

கேள்வி: பண்டிகைத் தள்ளுபடியில் 12 நிப்பிள் 299 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரே பிளாஸ்டிக் வாடை. இரண்டில் காம்பு தனியாகக் கழன்று வந்துவிட்டது. பில் வாங்கவில்லை, அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன், கடைப் பெயரும் ஞாபகமில்லை. பணத்தைத் திரும்பப் பெற வழி சொல்லவும். (சென்னை)

பதில்: யாரிடமிருந்து? பில் இல்லை, அட்டை இல்லை, கடையும் இல்லை. என்னிடம் இருப்பது உங்கள் கடிதம் மட்டும்தான்.

ஐயா, ஒரு பிள்ளைக்கு எதற்கு 12 நிப்பிள்? அதுவும் நிறுத்த வேண்டும் என்று கடிதத்தின் பின்பாதியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் பத்தையும் குப்பையில் போடுங்கள், அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி யாராவது வாங்குவதாக இருந்தால், உறையில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாமல் விற்பதே தப்பு. காம்பைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். வாய்க்கு வெளியே நிற்கும் வட்டத் தட்டில் குறைந்தது இரண்டு காற்றுத் துளை இருக்க வேண்டும். தட்டு வாய்க்குள் போய்விட்டாலும் மூச்சு போக அதுதான் வழி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோர்த்துத் தொங்க விடுகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். சட்டையில் மாட்டும் கிளிப் வாருக்கே ஐரோப்பியத் தரநிலை 22 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் கூடாது என்கிறது. கழுத்தைச் சுற்றி வர முடியாத நீளம் அது.

கேள்வி: பேரனுக்கு ஐந்து மாதம். அவன் தூங்கும்போது மட்டும் மகள் நிப்பிள் கொடுக்கிறாள். இப்போதே நிறுத்தச் சொல்லட்டுமா? (தென்காசி)

பதில்: வேண்டாம் அம்மா, விடுங்கள். தாய்ப்பால் குடிப்பது தடையில்லாமல் நடக்கிறதென்றால் தூக்கத்துக்கு மட்டும் கொடுப்பதில் குற்றமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் பகலில் குறைத்துக்கொண்டே வரட்டும். நாள் முழுக்கச் சப்பும் குழந்தைகளுக்குக் காதில் சீழ் கோப்பது கூடுதலாக வருகிறது.

கேள்வி: மகளுக்கு மூன்று முடிந்துவிட்டது. 'ஆர்த்தோடான்டிக், பல்லுக்குப் பாதுகாப்பு' என்று போட்ட நிப்பிள்தான் முதலிலிருந்தே கொடுக்கிறோம். அதனால் அவசரமில்லைதானே? (கோயம்புத்தூர்)

பதில்: அவசரம். எந்த வடிவமானாலும் வருடக்கணக்கில் சப்பினால் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் முன்னால் சேராமல் நடுவில் இடைவெளி விழும். பல்லைக் கடிக்கச் சொல்லிப் பாருங்கள், அந்தச் சந்தில் நாக்கு தெரிகிறதா என்று. மூன்று வயதுக்குள் விட்டால் பெரும்பாலும் தானே சரியாகும் என்று பல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் அந்தக் கோட்டில் நிற்கிறீர்கள். அந்தப் பெயருக்காக நானும் மூன்று மடங்கு விலை கொடுத்தவன்தான், அதனால் திட்டவில்லை.

கேள்வி: எல்லாம் சரி, உங்கள் வீட்டில் எப்படி நிறுத்தினீர்கள்? (நாகர்கோவில்)

பதில்: முதல் தடவை தோற்றுப்போனேன். அதற்கென்று ஒரு பொம்மை வாங்கினேன், ஒரு படப் புத்தகம் வாங்கினேன், தலையணை வாங்கினேன். இரவு இரண்டு மணிக்கு அழுகை தாங்காமல், பீரோவில் வேட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த நிப்பிளை எடுத்துக் கொடுத்தவனும் நானே. நிறைய அழுதால் கிடைக்கும் என்று மகள் அன்றைக்குக் கற்றுக்கொண்டாள்.

இரண்டாம் தடவை என் மனைவி பொறுப்பெடுத்தாள். ஒரு வாரம் பகலில் கிடையாது. அடுத்த வாரம் கட்டிலில் மட்டும், அதுவும் கதை முடியும் வரை. எங்கள் தெருவில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மகளே வீட்டிலிருந்த மூன்று நிப்பிளையும் ஒரு கிண்ணத்தில் எடுத்துப்போய்க் கொடுத்தாள். அவர் தராசில் வைத்து, முள்ளைப் பார்த்து, யோசித்து, ஆறு பேரீச்சம்பழம் எண்ணிக் கொடுத்தார். கொட்டை எடுத்துச் சாப்பிட்டாள். அன்றிரவு முக்கால் மணி நேரம் அழுதாள், மறுநாள் இருபது நிமிடம். மூன்றாம் நாள் அழவில்லை, "அந்த மாமா இப்ப சப்பிட்டு இருப்பாரா?" என்று மட்டும் கேட்டாள். கொடுக்கலாம் என்றாலும் வீட்டில் ஒன்றும் இல்லை. செலவு, பேரீச்சம்பழக்காரருக்கு ஒரு டீ.

கேள்வி: நிப்பிளை விட்டான், கட்டை விரலைப் பிடித்துக்கொண்டான். நகத்தில் பூசும் கசப்பு மருந்து விற்கிறதே, வாங்கலாமா? (திருச்சி)

பதில்: நான் வாங்கினேன், 240 ரூபாய். பூசிய அரை மணி நேரத்தில் மகள் அந்தக் கையாலேயே இட்லியைப் பிட்டாள், சட்னியில் விட்டாள், மிச்சத்தை என் வாயில் ஊட்டினாள். எனக்கு அன்று மதியம் வரை எதைத் தின்றாலும் கசந்தது. அவள் நான்கு நாளில் கசப்புக்குப் பழகி மறுபடி சப்ப ஆரம்பித்தாள். பில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் புகார் கொடுக்க வழியில்லை. புட்டியில் 'கசக்கும்' என்று மட்டும்தான் போட்டிருந்தது.