நோட்டில் இல்லாத கட்டம்

அன்புள்ள ஐயா,

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. மூன்று சுற்று முடிந்துவிட்டது. மருந்து, ஃபைல், ஆஸ்பத்திரி, பிள்ளைகளின் பள்ளி என்று எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். அவளை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. ஆனாலும் என்மேல்தான் எரிந்து விழுகிறாள், குறிப்பாக மருந்து ஏற்றிய மறுநாளும் அதற்கடுத்த நாளும். போன வாரம் ஒரு ராத்திரி, "எனக்கு ஏதாவது ஆயிட்டா..." என்று ஆரம்பித்தாள். "அப்படியெல்லாம் பேசாதே, எல்லாம் சரியாயிடும்" என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும்தான் பேச்சு. நான் தைரியம் சொன்னது தப்பா? எனக்கும்தான் பயமாக இருக்கிறது. அதை எங்கே போய்ச் சொல்வது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த இரண்டு நாள் கோபம். வாந்தியைத் தடுக்கவும், ஒவ்வாமை வராமல் இருக்கவும் கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைப் பலருக்கும் கொடுப்பார்கள். உங்கள் மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், சிலரைச் சிடுசிடுக்க வைக்கும், நிறுத்தியதும் ஆளைச் சாய்த்துவிடும். டாக்டரிடம் சொல்லுங்கள், கொடுக்கும் நேரத்தையோ அளவையோ மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்னொன்று, சண்டை நடக்கும்போது "இது நீ பேசலை, மாத்திரை பேசுது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

ஏனென்றால் மாத்திரை போக மீதிக் கோபம் நியாயமானது. எட்டு வருடங்களுக்கு முன்பு என் மனைவிக்குச் சிகிச்சை நடந்தபோது நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். ஒரு நோட்டுப் போட்டு, ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, காய்ச்சல், வாந்தி, மலம், தூக்கம், எடை என்று தினமும் எழுதினேன். அந்த நோட்டின் மேல் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. டாக்டர் அவளைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார், நான் நோட்டைத் திறப்பேன். "பரவாயில்லை டாக்டர், இந்த வாரம் நல்லா தூங்கினோம்." தூங்கினோமாம்!

ஒருநாள் அந்த டாக்டர் நான் பேசி முடித்த பிறகும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகச் சொன்னாள்: விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருக்கிறது, இரண்டு வாரமாகப் பொத்தான் போட முடியவில்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் பொத்தான் இல்லாத உடைகளாகப் போடுவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வசதிக்காக என்று நினைத்தேன். அவளுக்கு ஏற்றிய பாக்லிடாக்ஸெல் என்ற கீமோ மருந்து நரம்பைப் பாதிக்கக்கூடியது. விரலும் பாதமும் மரத்துப்போகும். கவனிக்காமல் விட்டால் சிகிச்சை முடிந்த பிறகும் நீண்டநாள் தங்கிவிடலாம். டாக்டர் அன்றைக்கே அளவைக் குறைத்தார். வெளியே வந்து "ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன்.

"உங்க நோட்டுல அதுக்குக் கட்டம் இல்லையே" என்றாள்.

கிண்டல்தான், ஆனாலும் அன்றிலிருந்து நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். சில நாள் எழுதினாள், பல நாள் எழுதவில்லை. டாக்டரிடம் அவளே பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதைக் குறித்துக்கொண்டேன். கீமோ நேரத்தில் மறதி அதிகம், அந்த வேலைக்கு ஆள் வேண்டும். வீட்டிலும் அவளால் முடிந்ததை அவள் செய்யட்டும். உடம்பு இடம் கொடுக்கும் அளவுக்கு நடமாடுவது அந்த அசதிக்கு நல்லது என்றுதான் டாக்டர்களும் சொல்கிறார்கள்.

தைரியம் சொன்னது தப்பா என்று கேட்கிறீர்கள். அந்தத் தைரியம் யாருக்குத் தேவைப்பட்டது? அவள் ஆரம்பித்ததைக் கேட்க உங்களுக்குப் பயமாக இருந்தது, அதனால் மூடிவிட்டீர்கள். நானும் மூடியவன்தான். இத்தனைக்கும், அவள் சொல்ல வருவது சாவைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று நாமே முடிவுகட்டிக்கொள்கிறோம். "நான் இல்லாம போயிட்டா" என்று என் மனைவி ஒருமுறை ஆரம்பித்தது, பிள்ளையின் படிப்புக்காகப் போட்ட பணத்தின் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்வதற்காக. ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லியிருந்தாளாம். வேறு சில ராத்திரிகளில் சாவைப் பற்றியேதான் பேசினாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் பதில் கேட்கவும் இல்லை.

உங்கள் பயத்தை அவளிடம் மறைக்க வேண்டாம்; "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று சொல்லலாம். ஆனால் அவள் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வரக்கூடாது. அதற்கு வேறு ஆள் வேண்டும். எனக்குக் கீமோ வார்டின் வெளி பெஞ்சில் ஒருவர் கிடைத்தார், அவரும் மனைவியை அழைத்து வந்தவர். நோயைப் பற்றிப் பேசியதைவிட வண்டி ரிப்பேரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். அதுவே போதுமானதாக இருந்தது.

இன்றைக்கே, பிள்ளைகள் தூங்கிய பிறகு, "அன்னைக்கு ஏதோ சொல்ல வந்தே, நான்தான் தடுத்துட்டேன். என்ன அது?" என்று கேளுங்கள். உடனே சொல்ல மாட்டாள். விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே இருங்கள்.

பி.கு: உங்கள் கடிதத்தில் தெர்மாமீட்டர் பற்றி ஒன்றும் இல்லை. மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பெரும்பாலும் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், நடு ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.