மண் ஈரமாக இருந்தும் மதியம் கத்தரிச் செடி வாடுவது ஏன்? இன்னும் தண்ணீர் ஊற்றலாமா?

உடனே ஊற்றாதீர்கள். செடியில் தண்ணீரை மேலே இழுப்பது பெரும்பாலும் இலைதான். இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது, தண்டின் சைலம் குழாய்களில் அறுபடாமல் நிற்கும் நீர்க்கம்பி மேல்நோக்கி இழுபடுகிறது. வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படியே காற்றில் போய்விடும். உச்சி வெயிலில், அதுவும் காற்றடித்தால், இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது, இலை தொங்கும். துளைகள் ஓரளவு மூடிக்கொள்ளும். சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிட்டால் கவலையே வேண்டாம்.

விடியற்காலையிலும் தொங்கினால்தான் சிக்கல். முதலில் தொட்டியின் வடிகால் துளையைப் பாருங்கள். நீர் தேங்கினால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, தண்ணீரில் நின்றபடியே செடி தாகத்தில் வாடும். உரம் அதிகமானாலும் இதே கதைதான்: மண்ணில் உப்பு கூடினால் வேரால் நீரை எடுக்க முடியாது.

வடிகால் சரி, உரமும் அளவுதான் என்றால், அடித்தண்டை வெட்டி வெட்டுமுனை மட்டும் முங்கும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்ணிற இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். கிருமி சைலத்தையே அடைத்திருக்கிறது. மருந்து தேடி அலைய வேண்டாம். செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள், அந்தத் தொட்டியில் தக்காளி, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள், அவற்றுக்கும் தொற்றும்.