ஃபர்ம்வேர் எழுத எவ்வளவு எலெக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் கணினி அறிவியல் படித்துவிட்டு, சில ஆண்டுகளாக ஜாவாவில் மென்பொருள் எழுதி வருகிறேன். எம்பெடெட் துறைக்கு, அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சில்லில் ஓடும் ஃபர்ம்வேர் எழுதும் வேலைக்கு, மாற விரும்புகிறேன். சி மொழி ஓரளவு தெரியும். மின்சுற்று பற்றிய அறிவு பிளஸ் டூ இயற்பியலோடு நின்றுவிட்டது. மறுபடியும் ஒரு டிப்ளமோவில் சேர வேண்டுமா? எதைப் படிப்பது, எதை விடுவது?
– கோவை வாசகர்

பதில்: சேர வேண்டியதில்லை. சுற்றை வடிவமைப்பதற்குப் பெரும்பாலான நிறுவனங்களில் தனியாக ஒருவர் இருப்பார். அவர் வடிவமைத்துத் தந்த போர்டில் உங்கள் நிரல் ஓட வேண்டும். ஓடாமல் போகும்போது கோளாறு நிரலில் இருக்கிறதா, கம்பியில் இருக்கிறதா என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடிய வேண்டும். இந்தத் திறனுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எலெக்ட்ரானிக்ஸ் போதும். கருவியை இயக்கும் சிறு கணினிச் சில்லான மைக்ரோகன்ட்ரோலரின் ஒவ்வொரு முனையிலும் இந்த நொடியில் எத்தனை வோல்ட் இருக்கிறது, எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது, அது மாறுவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்லத் தெரிந்தவரை எந்தக் குழுவும் விரும்பி ஏற்கும்.

தொடங்க வேண்டிய இடம் ஓம் விதி. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்ததை இப்போது வேலைக்காகப் படிக்கப் போகிறீர்கள். 3.3 வோல்ட்டில் இயங்கும் சில்லின் முனையோடு ஒரு சிவப்பு எல்.இ.டி.யை 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணைத்தால், எல்.இ.டி. ஏறக்குறைய 1.8 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 1.5 வோல்ட் ரெசிஸ்டரின் மேல் விழுவதால் சுமார் 4.5 மில்லி ஆம்பியர் ஓடும். பெரும்பாலான முனைகள் இதை எளிதாகத் தரும். அதே முனையில் நேரடியாக ஒரு 5 வோல்ட் ரிலேயை (மின்சுருளால் இயங்கும் சுவிட்சை) இணைக்க நினைத்தால் கணக்கு உதைக்கும். பரவலாக விற்கும் சிறு ரிலேயின் சுருள் சுமார் 70 ஓம். ஆகவே 70 மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும். அர்டுயினோ ஊனோ என்ற பயிற்சிப் போர்டில் உள்ள ஏடிமெகா328பி சில்லின் ஒரு முனைக்கு உச்ச வரம்பே 40 மில்லி ஆம்பியர்தான். சில்லுத் தயாரிப்பாளர் தரும் விவர ஏடான டேட்டாஷீட்டில் அந்த வரம்பு இருக்கும் அட்டவணையின் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். அதைத் தாண்டினால் சில்லு நிரந்தரமாகக் கெடலாம் என்ற எச்சரிக்கை அது. அந்த அளவு வரை தாராளமாகப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி ஆகாது. ஆகவே ரிலேக்கு இடையில் ஒரு டிரான்சிஸ்டரும், சுருளுக்கு இணையாகத் தலைகீழாக ஒரு டயோடும் வேண்டும். சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று துண்டித்தால் அது தொடர்ந்து ஓடவே முயன்று, உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். டயோடு அதற்கு ஒரு பாதுகாப்பான வழி விடுகிறது. டயோடு விடுபட்ட போர்டில் ‘ரிலேயை அணைக்கும்போது மட்டும் நிரல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது’ என்ற புகார்தான் உங்களிடம் வரும். நிரலில் நாள்கணக்கில் தேடினாலும் அந்தப் பிழை கிடைக்காது.

அடுத்தது, இரண்டு சில்லுகள் ஒரே மின்னழுத்த மட்டத்தில் பேசுகின்றனவா என்பது. தூரம் அளக்கும் எச்.சி.-எஸ்ஆர்04 சென்சாரின் எக்கோ முனை 5 வோல்ட் தரும். ஈஎஸ்பி32 சில்லின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கானவை. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர்களைத் தொடராக வைத்து, 2 கிலோ ஓமின் மேல் விழும் பங்கை மட்டும் எடுத்தால் 3.3 வோல்ட் கிடைத்துவிடும். இணைக்காமல் அந்தரத்தில் விடப்பட்ட உள்ளீட்டு முனை 0 என்றும் 1 என்றும் மாறி மாறிப் படிக்கும் என்பதும், பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அதன் தொடுமுனைகள் சில மில்லி வினாடிகள் துள்ளிப் பல அழுத்தங்களாகப் பதிவாகும் என்பதும் இதே வரிசையில் சேரும்.

அனலாக் அளவீட்டில் சற்று நின்று படியுங்கள். நிரலாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பாதியாக்கி அளக்க 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி.யின் கண்ணுக்கு அது 50 கிலோ ஓம் தடை. உள்ளே இருக்கும் மாதிரி எடுக்கும் கெப்பாசிட்டர் 8 பைக்கோஃபாரட் என்றால், பெருக்கிவரும் கால மாறிலி 0.4 மைக்ரோ வினாடி. 12 பிட் துல்லியத்துக்கு அந்தக் கெப்பாசிட்டர் நிரம்ப, அதைப்போல ஒன்பது பத்து மடங்கு, அதாவது சுமார் 4 மைக்ரோ வினாடி ஆகும். உங்கள் நிரல் மாதிரி எடுக்கும் நேரத்தை 0.1 மைக்ரோ வினாடி என்று அமைத்திருந்தால், எண்கள் ஒழுங்காக வருவதுபோலவே தோன்றும்; ஆனால் எல்லாம் தவறாக இருக்கும். ரெஜிஸ்டரில் (சில்லின் அமைப்புகளை வைத்திருக்கும் நினைவிடத்தில்) எழுத வேண்டிய எண்ணை வெளியே இருக்கும் ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது. சுற்று வரைபடத்தைப் படிக்கத் தெரியாதவர் அந்த எண்ணை ஊகிக்கத்தான் முடியும். முனைக்கும் தரைக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்துத் தொல்லையைக் குறைப்பதும் வழக்கம்.

விட்டுவிடக் கூடியவை: டிரான்சிஸ்டரின் சிறுகுறி மாதிரிகள், பெருக்கிச் சுற்று வடிவமைப்பு, மின்காந்த அலைச் சமன்பாடுகள், சில்லு வடிவமைப்பு. இவை தரக்குறைவானவை என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் போகும் வேலையில் முதல் சில ஆண்டுகளுக்கு இவை குறுக்கே வரா.

கேள்வி: 32 பிட் மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றில், சில்லுகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் ஐ2சி வழியாக வெப்பநிலை சென்சாரைப் படிக்கிறேன். பற்றவைக்காமல் சுற்று அமைக்கும் பிரெட்போர்டில் ஒழுங்காக வேலை செய்தது. பெட்டிக்கு வெளியே சென்சாரை வைக்க 2 மீட்டர் கேபிள் போட்டதும் அடிக்கடி பிழை வருகிறது. நிரலில் தாமதமும் மறுமுயற்சியும் சேர்த்துப் பார்த்துவிட்டேன். வேகம் 400 கிலோஹெர்ட்ஸ். சென்சார் போர்டில் 10 கிலோ ஓம் புல்-அப் இருக்கிறது. நிரலில் என்ன மாற்ற வேண்டும்?
– திருச்சி வாசகர்

பதில்: தாமதத்தைக் கூட்டுவதால் இது தீராது. ஐ2சியை 1982-இல் உருவாக்கிய பிலிப்ஸ் நிறுவனம், ஒரே கம்பியில் பல சில்லுகள் மோதிக்கொள்ளாமல் பேச ஓர் ஏற்பாடு செய்தது. எந்தச் சில்லும் கம்பியைக் கீழே, தரைக்கு இழுக்க மட்டுமே செய்யும், மேலே தள்ளாது. சில்லு கையை எடுத்ததும் கம்பியை மறுபடி 3.3 வோல்ட்டுக்குத் தூக்குவது புல்-அப் ரெசிஸ்டரின் பொறுப்பு. கம்பிக்கென்று ஒரு கெப்பாசிட்டன்ஸ் உண்டு. ரெசிஸ்டர் அதை மெல்ல நிரப்பித்தான் மின்னழுத்தத்தை ஏற்ற முடியும். நீங்கள் கேபிளை நீட்டியபோது அந்தக் கெப்பாசிட்டன்ஸைக் கூட்டிவிட்டீர்கள்.

கணக்காகவே பார்ப்போம். ஐ2சி விதிப்படி, 30 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு மின்னழுத்தம் ஏறும் நேரம் ஏறக்குறைய 0.85 × தடை × கெப்பாசிட்டன்ஸ். பிரெட்போர்டில் குட்டைக் கம்பிகளும் சில்லுகளும் சேர்ந்து 30 பைக்கோஃபாரட் என்று கொண்டால், 10 கிலோ ஓமுக்கு ஏறும் நேரம் சுமார் 250 நானோ வினாடி. 400 கிலோஹெர்ட்ஸுக்கு விதி அனுமதிப்பது 300 நானோ வினாடி. ஆகவே மேசையில் அது வேலை செய்தது. ஆனால் விளிம்பில் நின்றுகொண்டு. சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு 100 பைக்கோஃபாரட் வரை வரலாம். மொத்தம் 200 என்று வைத்தாலும் ஏறும் நேரம் 1700 நானோ வினாடியாகிவிடுகிறது. 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு முழுத் துடிப்பே 2500 நானோ வினாடிதான். கம்பி மேலே ஏறி முடிப்பதற்குள் அடுத்த இறக்கம் வந்துவிடுகிறது. 1 என்று படிக்க வேண்டியதைச் சில்லு 0 என்று படிக்கிறது. வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்தாலும் அனுமதி 1000 நானோ வினாடிதான். வேகக் குறைப்பு மட்டும் போதாது என்பது இதனால் தெரியும்.

இரு கம்பிகளிலும் 2.2 கிலோ ஓம் புல்-அப் சேருங்கள். ஏற்கெனவே உள்ள 10 கிலோ ஓமுடன் இணையாகச் சேர்ந்து அது சுமார் 1.8 கிலோ ஓமாகும். ஏறும் நேரம் 300 நானோ வினாடியை ஒட்டி வரும். கூடவே வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸாக்கினால் தாராளமான இடைவெளி கிடைக்கும். வெப்பநிலையை அளக்க அந்த வேகமே மிகை. ரெசிஸ்டரை இன்னும் குறைக்கலாமே என்று தோன்றினால், கீழ் எல்லையும் உண்டு. சில்லுகள் 3 மில்லி ஆம்பியரை உள்வாங்கிக்கொண்டு 0.4 வோல்ட்டுக்குக் கீழே கம்பியைப் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி, 3.3 வோல்ட்டில் அது ஏறக்குறைய 970 ஓம். கேபிளில் தரவுக் கம்பிக்கும் கடிகாரக் கம்பிக்கும் நடுவில் தரைக் கம்பியை ஓட விடுங்கள். சில்லின் உள்ளேயே இருக்கும் புல்-அப்பை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் பல்லாயிரம் ஓம். தூரம் இன்னும் நீளப் போகிறதென்றால் ஐ2சியை விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கான மீட்டர் போகக்கூடிய ஆர்எஸ்-485 போன்ற ஒன்றுக்கு மாறுவதே என் பரிந்துரை.

நிரலில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சென்சார் 0 அனுப்பிக்கொண்டிருக்கும் நடுவில் உங்கள் சில்லு மட்டும் ரீசெட் ஆனால், சென்சார் தரவுக் கம்பியைக் கீழே பிடித்தபடி அடுத்த கடிகாரத் துடிப்புக்காகக் காத்திருக்கும், பஸ், அதாவது அந்தப் பொது இணைப்பு, உறைந்துபோகும். தொடக்கத்தில் தரவுக் கம்பி தாழ்ந்திருக்கிறதா என்று சோதித்து, தாழ்ந்திருந்தால் கடிகாரக் கம்பியில் 9 துடிப்புகளைக் கையாலேயே அனுப்பி, பிறகு ஒரு நிறுத்தக் குறியையும் அனுப்புங்கள். சென்சார் கம்பியை விட்டுவிடும்.

கேள்வி: வீட்டில் பயில என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? ஆசிலோஸ்கோப் இல்லாமல் முடியுமா?
– சென்னை வாசகர்

பதில்: ஒரு நல்ல மல்டிமீட்டர், எட்டுத் தடங்களும் 24 மெகாஹெர்ட்ஸ் மாதிரி வேகமும் உள்ள சிறிய லாஜிக் அனலைசர் (கம்பிகளில் ஓடும் 0, 1 குறிகளைப் பதிந்து காட்டும் கருவி), ஒரு பிரெட்போர்டு, கொஞ்சம் ரெசிஸ்டர்களும் கெப்பாசிட்டர்களும் இருந்தால் தொடங்கிவிடலாம். எல்லாமே ரிட்சி தெருவில் கிடைக்கும். அனலைசரோடு சிக்ராக் திட்டத்தின் பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால், ஐ2சி, எஸ்பிஐ, யூஆர்ட் என்ற முறைகளில் சில்லுகள் நடத்தும் உரையாடல்களைப் பைட் பைட்டாகப் பிரித்துக் காட்டும். ஆனால் அது எதையும் 0 அல்லது 1 என்றே காட்டும். திருச்சி வாசகரின் சிக்கலில் பதில் வரவில்லை என்பதைத்தான் அது சொல்லும். மெல்ல ஏறும் வளைகோட்டைக் காட்ட ஆசிலோஸ்கோப்தான் வேண்டும். ஆகவே முதல் ஆறு மாதங்களுக்கு இல்லாமல் முடியும், அதற்குமேல் எங்காவது ஒன்றைத் தொட்டுப் பழகியே ஆக வேண்டும். ஒரு எச்சரிக்கை: மின் இணைப்பில் ஓடும் ஆசிலோஸ்கோப்பின் தரைக் கிளிப், வீட்டின் எர்த்தோடு நேராக இணைந்தது. 230 வோல்ட் தொடர்புள்ள எந்தச் சுற்றிலும் அதை மாட்டாதீர்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் ‘ஒரு சிஆர்2032 நாணய வடிவப் பேட்டரியில் உங்கள் கருவி எத்தனை நாள் ஓடும்?’ என்று கேட்டார்கள். விழித்தேன். எப்படிக் கணக்கிடுவது?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: மிக நல்ல கேள்வி, நிரலும் மின்சாரமும் சந்திக்கும் இடத்தை அது நேராகத் தொடுகிறது. அந்தப் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. கருவி நிமிடத்துக்கு ஒருமுறை 50 மில்லி வினாடி விழித்து 10 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, மற்ற நேரமெல்லாம் 2 மைக்ரோ ஆம்பியரில் உறங்குகிறது என்று கொள்ளுங்கள். விழிப்பின் சராசரி 8.3 மைக்ரோ ஆம்பியர். உறக்கத்தோடு சேர்த்து 10.3. வகுத்தால் 21,000 மணி நேரத்துக்கு மேல், அதாவது இரண்டு ஆண்டுகளைத் தாண்டும். விழித்திருக்கும் நேரத்தைப் பாதியாக்கினால் ஆயுள் எவ்வளவு கூடும் என்று நீங்களே சொல்லிக் காட்டினால், கேட்டவர் முகம் மலரும்.

அதோடு நிறுத்தாமல், கணக்கைக் கெடுப்பவற்றையும் சொல்லுங்கள். உறங்கப் போகும்முன் ஒரு முனையில் உள் புல்-அப்பை அணைக்க மறந்து, அந்த முனையை வெளியே ஏதோ ஒன்று தரைக்கு இழுத்துக்கொண்டிருந்தால், 40 கிலோ ஓம் வழியாக 75 மைக்ரோ ஆம்பியர் ஓயாமல் கசியும். இரண்டு ஆண்டு ஆயுள் மூன்றரை மாதமாகச் சுருங்கும். நிரலில் அது ஒரே வரி. பேட்டரியை அளக்க நிரந்தரமாக இணைத்த இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் 15 மைக்ரோ ஆம்பியரைக் குடிக்கும். அது உங்கள் முழு நிரலின் செலவைவிட அதிகம். அளக்கும் நேரத்தில் மட்டும் அவற்றை இணைக்க, சுவிட்சாக ஒரு மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் வையுங்கள் என்று வன்பொருள் குழுவிடம் கேட்கும் உரிமையும் கடமையும் உங்களுடையவை.

கணக்கை அளந்து சரிபார்க்கும்போது மல்டிமீட்டரின் மைக்ரோ ஆம்பியர் வரம்பில் கவனம் தேவை. அந்த வரம்பில் மீட்டரே 100 ஓம் அளவுக்குத் தடையாகத் தொடரில் நிற்கக்கூடும். 2 மைக்ரோ ஆம்பியருக்கு அது பொருட்டே இல்லை. கருவி விழித்து 10 மில்லி ஆம்பியர் கேட்கும் நொடியில் 1 வோல்ட் மீட்டரிலேயே விழுந்து, சில்லு ரீசெட் ஆகிவிடக்கூடும். மீட்டரை மாட்டும்போது மட்டும் நிரல் செயலிழந்தால் அதைச் சந்தேகியுங்கள். கருவி விழித்திருக்கும்போது மில்லி ஆம்பியர் வரம்பிலும், நீண்ட உறக்கத்தில் இருக்குமாறு செய்துவிட்டு மைக்ரோ ஆம்பியர் வரம்பிலும், தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.