மை ஊறாத தாள் – கடிதம்

அன்புள்ள சார்,
ஃபவுண்டன் பென்னுக்கு ஏத்த பேப்பரை சென்னைல நேர்ல பாத்து வாங்க இடமே இல்லையா? ஆன்லைன்ல ரோடியா, டோமோயே ரிவர் மாதிரி வெளிநாட்டு பேப்பர் விலை கட்டுப்படியாகல. 100 ஜிஎஸ்எம் நோட்டு வாங்கினேன், அதுலயும் மை ஊறுது. நல்ல பேப்பர் கிடைக்கிறவரை டைரி எழுதுறதை நிறுத்தி வச்சிருக்கேன். எந்தக் கடைக்குப் போகலாம்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

அன்புள்ள தம்பி,

கடையை அப்புறம் பாப்போம். பேப்பர் சரியில்லைன்னு யாராச்சும் டைரியை நிறுத்துவாங்களா? இன்னிக்கு ராத்திரியே எடுத்து எழுதுங்க, பின்னாடி மை தெரிஞ்சா ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க. இந்த மாசம் மனசுல ஓடினதெல்லாம் அடுத்த மாசம் ஞாபகம் இருக்காது.

விலை பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, இறக்குமதி சரக்கு அப்படித்தான்.

ஆனா இந்த ஜிஎஸ்எம் பைத்தியத்தை முதல்ல விடுங்க. அது ஒரு சதுர மீட்டர் தாளோட எடை, அவ்வளவுதான், மை ஊறுமா ஊறாதான்னு அது சொல்லவே சொல்லாது. நீங்க ஆசைப்படுற டோமோயே ரிவர்லயே ஒரு வகை வெறும் 52 ஜிஎஸ்எம், வெங்காயத் தோல் மாதிரி இருக்கும், ஆனா மை பின்பக்கம் போகாது. காரணம் சைஸிங். மில்லுல கூழ்லயோ தாள் மேலயோ ஸ்டார்ச், மெழுகு மாதிரியான சரக்கெல்லாம் சேப்பாங்க, அது சரியா இருந்தா மை மேலாக்க நின்னு காயும், இல்லேன்னா நார் வழியா இழுத்துக்கிட்டுப் போய் எழுத்தைச் சுத்தி மயிர் மயிரா விரியும். மை ஒத்துற பிளாட்டிங் பேப்பர்ல சைஸிங்கே கிடையாது, அது தடிமனாத்தானே இருக்கு, குடிக்காம விடுதா?

அப்பாவோட மளிகைக்கடை பேரேடு ஒண்ணை போன வாரம்தான் தூசி தட்டினேன். சிவப்புத்துணி ஒட்டின அட்டை. பிரில் மைல எழுதின பற்று வரவு, 'ரூ'வோட சுழி கூட இன்னும் விரியாம நிக்குது, தாளைத் திருப்பினா பின்னாடி ஒரு புள்ளி இல்ல. யாரும் அதை ஸ்பெஷல் பேப்பர்னு விக்கல, சாதாரண லெட்ஜர் பேப்பர். கடன் சொல்லிட்டுப் போனவங்க பேரெல்லாம் அவர் கையெழுத்துல பாக்கப் பாக்க கீழ வைக்க மனசு வரல, நான் எழுதக் கத்துக்கிட்டதே அந்தக் கல்லாப்பெட்டி பக்கத்துல உக்காந்துதான்.

அதனால பாரிமுனைக்குப் போங்க, ஆண்டர்சன் தெரு முழுக்க பேப்பர் கடைதான். ஃபவுண்டன் பென் பேப்பர்னு கேட்டு நிக்காதீங்க, லெட்ஜர், பாண்ட், மேப்லித்தோன்னு பேப்பர்ல வகை இருக்கு, எல்லாத்துலயும் சாம்பிள் கேளுங்க. உங்க பேனா, உங்க மை, அங்கயே எழுதிப் பாருங்க. தாளோட ரெண்டு பக்கமும் எழுதணும், சில தாள்ல ஒரு பக்கம் வழவழன்னு இருக்கும், இன்னொண்ணு மை குடிக்கும். காயவிட்டுத் திருப்பிப் பாருங்க. சாம்பிள் பாக்காம ரீம் வாங்கவே வாங்காதீங்க, ஒரே பிராண்டுலயே லாட்டுக்கு லாட் மாறும். பிடிச்சதை ஏ5 சைஸ்ல வெட்டி பைண்டிங் கடைல குடுத்தா டைரி ரெடி.

நல்ல லெட்ஜர் பேப்பர் மாட்டிச்சுன்னா எனக்கும் ஒரு குயர் எடுத்து வைங்க தம்பி, காசு அனுப்பிடறேன்.