கணினி கேளுங்கள்

கேள்வி: மகன் ஏழாவது, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. கோடிங் படிக்கணுமாம். முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்க்கவா?
– ஒரு தாய், தாராவி, மும்பை

பதில்: வேண்டாம்மா, நேரே பைதான் என்ற கணினி நிரல் மொழியில் இறக்கிவிடுங்கள். அதற்கென்று ஒதுக்கிய ஆங்கிலச் சொற்கள் 35தான். ஆரம்பத்துக்கு 'இஃப்', 'எல்ஸ்', 'ஃபார்' என்று பத்து போதும். மாறிகளுக்கு (மதிப்பைப் போட்டுவைக்கும் பெட்டிகள் மாதிரி) தமிழிலேயே பெயர் வைக்கலாம். 2008-இல் வந்த பைதான் 3 ஏற்றுக்கொள்ளும்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, அப்பாவின் சைக்கிள் இட்லி வியாபாரத்துக்கு 'விலை', 'மீதி' என்று வைத்தே கணக்குப் போட்டாள். அவளைத் திணறடித்தது, தப்பு நேர்ந்தால் கணினி ஆங்கிலத்தில் காட்டும் பிழைச் செய்திகள்தான். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுத வைத்தேன். 'நேம் எரர்' வந்தால் பெரும்பாலும் எழுத்துப்பிழை! (ஸ்போக்கன் கிளாஸ் பணத்தைப் பழைய லேப்டாப்புக்கு எடுத்துவையுங்கள்.)