கதவோடு பாதையில் ஏறியவர்: கதை எழுதுவது பற்றி நீங்கள் கேட்டவை

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். பிறந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வேலை தமிழ் டீச்சர். இருபது வருடத்துக்கு மேலாகச் சிறுகதை எழுதுகிறேன், இப்போது ஒரு நாவலுக்குள் இருக்கிறேன். எப்படி எழுதுகிறீர்கள், கதை எங்கே இருந்து வருகிறது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிலது நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாத்துக்கும் நடுவில எப்ப எழுதுறீங்க?

விடிய நாலரையில் இருந்து ஐந்தே முக்கால் வரை. அதற்குப் பிறகு சோறு, பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டி, பள்ளிக்கூடம் என்று நாள் போய்விடும். அந்த நேரத்துக்குள் கொப்பியில் ஒரு பக்கம் வந்தால் அது நல்ல நாள். பேனையால்தான் எழுதுவேன், சனி ஞாயிறில் கணினியில் ஏற்றுவேன், ஏற்றும்போதே பாதி வெட்டுப்பட்டுவிடும். தவணைப் பரீட்சைக் காலத்தில் எழுதவே மாட்டேன். விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்கும்போது தலைக்குள் வேறு ஆட்கள் வர மாட்டார்கள், அதை நினைத்துக் கவலைப்படுவதையும் விட்டுவிட்டேன்.

ஏறாவூரில் இருந்து ஒரு தம்பி: கதைக்குக் கரு எப்படிக் கிடைக்குது டீச்சர்?

கரு என்று ஒன்று எனக்குக் கிடைத்ததே இல்லை தம்பி. யாரோ சொன்ன ஒரு பேச்சு காதில் விழும், அது போகாமல் கிடக்கும், அவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை நாங்கள் வாவியைக் கடந்தது பாதையில்தான். (வெளியூர் ஆட்களுக்கு: பாதை என்றால் இங்கே ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற தட்டையான மிதவை.) ஒருநாள் வயதான ஒருவர் ஒற்றைக் கதவு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். பழைய முதிரைக் கதவு. நீலப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து, கீழ்ப்பக்கம் வெள்ளத்தில் ஊறிக் கறுத்திருந்தது, பிணைச்சல் இரண்டும் கழற்றாமல் அதிலேயே தொங்கின. அவர் கதவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க, காற்று அதைப் பாய் மாதிரி இழுத்தது, பக்கத்தில் நின்ற பொடியன் ஒருவன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டான். "எங்க அப்பு, கதவோட?" என்று யாரோ கேட்டார்கள். "வீட்ட மகளுக்கு எழுதிக் குடுத்திட்டன். கதவு நான் செஞ்ச கதவு" என்றார்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார், தாய் தகப்பன் அதே வளவிலோ கிட்டவோ சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு விலகுவார்கள், என்னுடைய பெத்தாவும் (பாட்டி) அப்படி விலகியவதான். அது எங்களுக்கு மழை பெய்கிற மாதிரி வழமையான விஷயம், அதில் யாருக்கும் நோவு இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அன்றைக்கு இரவு முழுக்க எனக்கு ஒரே யோசனை, மகள் வீட்டு வாசலில் இப்போது என்ன தொங்குகிறது? சாக்கா, சீலையா? அவர் கதவைக் கழற்றும்போது அவள் பார்த்துக்கொண்டு நின்றாளா? அந்தக் கதை முடிய நான்கு வருடம் எடுத்தது. கிழவர் சொல்வதாக மூன்று தடவை எழுதினேன், மூன்றிலும் அவர் அழுதுகொண்டே இருந்தார், சரிவரவில்லை. மருமகன் சொல்வதாக மாற்றினேன், கதவில்லாத வாசலில் முதல் இரவு காவலுக்குப் படுத்துக் கிடப்பவன் அவன்தானே. பிறகு இரண்டு கிழமையில் முடிந்தது.

ஆகவே என் கொப்பியில் கதைச் சுருக்கம் எதுவும் இருக்காது. யார், எங்கே வைத்து, என்ன சொன்னார் என்று மட்டும், சொன்ன சொல் மாறாமல் எழுதி வைப்பேன். சொல்லை நாகரிகமாக மாற்றி எழுதினால் ஒரு மாதத்துக்குப் பிறகு அது செத்துக் கிடக்கும்.

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு சகோதரர்: எங்கட பேச்சுத் தமிழில எழுதினா மற்ற ஊர்க்காரருக்கு விளங்காது எண்டு சொல்றாங்க. என்ன செய்யலாம்?

எழுதுங்கள், தயங்கவே வேண்டாம். நான் கதை சொல்கிற பகுதியைப் பொதுவான தமிழில் வைத்துக்கொண்டு ஆட்கள் பேசுவதை ஊர்ப் பேச்சிலேயே விடுவேன். "மறுகா வாறன்", "கிறுகிப் பாரு கா" என்று வருகிற இடத்தில் ஒரு ஆள் போவதோ திரும்புவதோ நடந்தால் யாழ்ப்பாணத்தவருக்கும் விளங்கும், தஞ்சாவூர்க்காரருக்கும் விளங்கும். அடியில் அருஞ்சொல் விளக்கம் போட மாட்டேன், அது வாசிப்பவரின் கையைப் பிடித்து இழுக்கிற வேலை. உங்கள் பக்கத்து உம்மாமாரின் கவிகளில் நாலே வரியில் ஒரு முழுக் காதல் கதை கிடக்கிறது, அந்த நாக்கு உங்களுக்குப் பிறப்பிலேயே கிடைத்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரே ஊரிலும் வயல்காரப் போடியார் பேசுவதும் அவருடைய வயல் வட்டையில் வேலை செய்கிறவர் பேசுவதும் ஒன்றல்ல. சூடு அடிக்கிற (நெல் பிரித்தெடுக்கிற) களத்தில் நெல்லை நெல் என்று சொல்லாமல் பொலி என்பார்கள். அந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால் ஊர்ச் சொல் இருக்கும், ஊர் இருக்காது.

வந்தாறுமூலையில் படிக்கிற ஒரு மாணவி: கூத்துப் பார்த்து வளர்ந்தது உங்க எழுத்துக்கு உதவியிருக்கா?

நிறைய. ஆனால் அரங்கேற்ற இரவை விட அதற்கு முந்தைய மாதங்கள்தான். சட்டம் கொடுத்து (ஆளுக்கு ஆள் வேடம் பிரித்துக் கொடுத்து), அவரவர் பாட்டைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, சதங்கை அணிகிற நாள் வரைக்கும் இரவிரவாகப் பழகுவார்கள். நான் சின்னப் பிள்ளை, பாயில் படுத்துக்கொண்டு பார்ப்பேன். ஒரே வரவை (பாத்திரம் உள்ளே வருகிற ஆட்டத்தை) கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி நிறுத்தித் திரும்ப ஆடச் சொல்வார். ராசா வருகிற மாதிரி மந்திரி வரக்கூடாது, அதுதான் அவருடைய கண்டிப்பு. இன்றைக்கும் ஒரு பாத்திரம் முதல்முறை கதைக்குள் எப்படி வருகிறது என்பது தெரியாமல் நான் மேலே எழுத மாட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றுகிறாளா, கழற்றாமல் நின்று கூப்பிடுகிறாளா? அது தெரிந்தால் அவள் பேசப் போவதும் எனக்குத் தெரியும்.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்குக்கும் போங்கள் மகள். கண்ணகி கதையை வழக்குரையாகப் பாடுகிறவர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று கேளுங்கள். நீள வாக்கியம் எழுதுவதை நான் அங்கேதான் கற்றேன்.

திருக்கோவிலில் இருந்து ஒரு அண்ணன்: சுனாமி, சண்டை, இதையெல்லாம் எழுத நமக்கு உரிமை இருக்கா?

இந்தக் கேள்வியோடு நானும் பல வருடம் இருக்கிறேன் அண்ணன். 1978 நவம்பர் 23 சூறாவளியை எழுதினேன், அது என்னுடையது. எனக்கு ஐந்து வயது, விடிந்தபோது தலையில்லாத தென்னைகள் வரிசையாக நின்றதும், அம்மா நனைந்த நெல்லை அள்ளி அள்ளிக் கீழே விட்டதும் கண்ணுக்குள் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 வேறு. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி தன் பிள்ளையைப் பற்றி என்னிடம் சொன்னதை நான் இன்றுவரை கொப்பியில்கூட எழுதவில்லை. அவ என்னை நம்பிச் சொன்னது அது, கதைக்காகச் சொல்லவில்லை. எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எழுதியதை அந்த ஆளுக்கு முன்னால் இருந்து சத்தமாக வாசிக்க என்னால் முடியுமா என்று கேட்டுப் பார்ப்பேன். முடியாது என்றால் வைத்துவிடுவேன்.

சாய்ந்தமருதில் இருந்து ஒரு தங்கச்சி: பாதியில நிண்டு போனா என்ன செய்வீங்க?

முதலில் இருந்து சத்தமாக வாசிப்பேன். நின்ற இடத்தில் பிழை இருக்காது, ஒன்றிரண்டு பக்கத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு ஆளைச் செய்யாத வேலையைச் செய்ய வைத்திருப்பேன். குரல் அந்த இடத்தில் தானாக இறங்கும். அதை வெட்டிவிட்டுத் தொடருவேன். அப்படியும் வராவிட்டால் ஒரு கிழமை கொப்பியைத் தொடுவதில்லை.

கொழும்பில் இருக்கிற ஒரு தம்பி: வாவியில பாடும் மீன் சத்தம் கேட்டிருக்கீங்களா? கதையில வருமா?

ஒரு பூரணை இரவு, கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, தோணிக்காரர் சவளை (துடுப்பை) தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைக்கச் சொன்னார். கேட்டது. கதையில் வைக்க மாட்டேன், எங்களைப் பற்றி எழுதுகிற எல்லோரும் வைத்துவிட்டார்கள்.

அம்பிளாந்துறையில் இருந்து ஒரு மாமி: இப்ப என்ன எழுதுறாய் புள்ள?

பாலம் வந்த பிறகு வேலை போன ஒரு பாதைக்காரரைப் பற்றி, மாமி. மூன்றாம் அத்தியாயத்தில் நிற்கிறேன். அக்கரையில் மகள் வீட்டில் விசேஷம், எல்லோரும் பாலத்தால் போய்விட்டார்கள், இவர் மட்டும் பழைய துறையடியில் வெள்ளை வேட்டியோடு குந்திக்கொண்டு இருக்கிறார். எழும்ப மாட்டேன் என்கிறார். நாளைக்கு விடிய திரும்பவும் போய்ப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும்.