கை ஏன் தூக்கிக்கொண்டது?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் போன மாதம் கூட்டம். ‘மொட்டை மாடியில் இனி துணி காயப்போடக் கூடாது’ என்று தீர்மானம். எனக்குத் துளியும் சம்மதமில்லை. ஆனால் எல்லோரும் கை தூக்கியதும் நானும் தூக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து என்மேலேயே எரிச்சல். நான் கோழையா சார்?
- வாசகி ஒருவர், திருச்சி

பதில்: கோழை என்றால் நானும் உங்கள் கட்சிதான் அம்மா. ஆபீஸ் வாசல் டீக்கடைக்கு ஆறு பேர் போவோம். எனக்குப் பிடித்தது காபி. ஆனால் ஐந்து பேரும் வரிசையாக ‘டீ’ என்று சொன்ன பிறகு என் வாயிலும் டீதான் வரும். வருஷக்கணக்கில் இப்படியே குடித்தேன்.

அமெரிக்காவில் 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்து ஒரு சோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று. எது அதே நீளம்? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் ஒரே ஒரு மாணவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் முன்கூட்டியே சொல்லிவைத்த ஆட்கள். 18 சுற்றில் 12 முறை அவர்கள் ஒரே குரலில் தப்பான கோட்டைக் காட்டினார்கள். விஷயம் தெரியாமல் வந்தவர்களில் நாலுக்கு மூன்று பேர் ஒரு தடவையாவது அதற்கு ஒத்து ஊதினார்கள். பின்னால் விசாரித்தால், சிலருக்குத் தங்கள் கண்மேலேயே சந்தேகம். சிலருக்குச் சரியான விடை தெரியும், தனித்து நிற்கத்தான் கூச்சம். நீங்கள் இரண்டாவது ரகம்.

கூட்டத்தில் ஒரே ஒருவர் மாற்றிச் சொன்னாலும் இந்த ஒத்து ஊதல் வெகுவாகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர் சொன்னதும் தப்பான விடையாக இருந்தாலும் குறைந்தது! எனக்கு இது ஆச்சரியமில்லை. ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பையன், ‘மாஸ்டர், எனக்கு ஒரு பால், சர்க்கரை கம்மி’ என்றான். அடுத்த நொடி நான் ‘காபி’ என்றேன். மாஸ்டர் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

விடையை எழுதிக் கொடுக்கச் சொன்னபோதும் மாணவர்கள் அவ்வளவாக வளையவில்லை. அதனால் அடுத்த கூட்டத்தில் துண்டுச்சீட்டு வாக்கெடுப்பு கேளுங்கள். இன்னொன்று, நீங்கள் சொல்லும் அந்த ‘எல்லோரும்’ கணக்கில் உங்கள் கையும் உண்டு. அதைப் பார்த்தே பக்கத்து நாற்காலிக்காரர் தூக்கியிருக்கலாம். எந்த வீட்டு பால்கனிக் கம்பியில் ஈரப் போர்வை தொங்குகிறது என்று இன்றைக்கே பாருங்கள். அந்தக் கதவை முதலில் தட்டுங்கள்.